இரண்டாவது மணிக்கு சூப்

ஒதெத் ஷாஸ்தான் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, மோன்வேர் ஊர்த் தேவாலய மணி நண்பகலுக்கு முதல் தடவை பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும், கணவர் புதிதாக வாங்கி வாசலில் நிறுத்தியிருந்த வீட்டுவண்டியின் முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்தார். நீலக் கட்டம் போட்ட ஏப்ரன் கட்டியிருந்தார், கையில் மரக்கரண்டி இருந்தது. ஆள் ஏறியதை உணர்ந்த வண்டி, பெல்ட் போடச் சொல்லிக் கீச்கீச்சென்று கத்தியது. ஒதெத் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஜன்னல் துணி மஞ்சள்ல வேணும்னுதானே சொன்னேன்? இதுக்குப் பேரு மஞ்சளா? சளி நிறம்" என்றார். பிறகு, "சரி, கிளம்புவோமா?" என்றார். பக்கத்தில் இருந்த கணவர் ரெஜீஸ் ஷாஸ்தான் ஸ்டியரிங்கை விடாமல் அந்த மரக்கரண்டியையே பார்த்தார். மணி இரண்டாம் தடவை பன்னிரண்டு அடித்தது. கடைசி அடி ஓய்ந்தபோது இருக்கையில் யாருமில்லை, மாட்டிய பெல்ட் மட்டும் அதன் குறுக்கே இறுகிக் கிடந்தது. அன்று முழுக்க ரெஜீஸ் அதைக் கழற்றவில்லை.

இரண்டாம் தடவை என்றால் என்ன என்று கேட்பவர்கள் பாரிஸ்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் மணி எப்போதும் இரண்டு தடவை அடிக்கும். மூன்று மணி என்றால் மூன்று அடித்து ஓய்ந்து, ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி மூன்று அடிக்கும். வயலில் குனிந்திருப்பவன் தலை நிமிர்வதற்கு முதல் தடவை, எண்ணிக்கொள்வதற்கு இரண்டாம் தடவை. இந்த ஏற்பாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு குணம் ஒட்டிக்கொண்டுவிடும். யார் முதல் தடவை கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்கள். காது கேட்காமல் இல்லை, இரண்டாம் தடவைக்காகக் காத்திருக்கிறார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று ஒரே தடவை கேட்டுவிட்டு ரயிலேறிப் போன வெளியூர்க்காரர்களால் எங்கள் பக்கம் எத்தனையோ பெண்கள் கன்னியாகவே இருந்துவிட்டார்கள். அடுப்படியிலும் இதே கணக்குதான். முதல் மணிக்கு ரொட்டியை அறுப்பார்கள், இரண்டாவது மணிக்கு சூப்பை ஊற்றுவார்கள். முதல் மணிக்கே சூப் ஊற்றும் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

ரெஜீஸ் பால் டேங்கர் ஓட்டியவர். விடிவதற்கு முன் கிளம்பிப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சிக்கொண்டு தொழிற்சாலையில் இறக்குவார். இந்த மாவட்டத்தில் அவர் புகுந்து புறப்படாத ஊர் கிடையாது. ஆனால் ஒன்றிலும் இறங்கி நிதானமாக ஒரு காப்பி குடித்தது கிடையாது, பால் காத்திருக்காது. ஒதெத்துக்கு இதில் தீராத மனக்குறை. "நீ ஊர் ஊரா சுத்துற, நான் இந்த அடுப்ப விட்டு நகர்ந்ததில்ல. உனக்கு ஓய்வு வரட்டும், என்னை வச்சு ஓட்டு. மெதுவா ஓட்டணும். பால் ஏத்தியிருந்தா புளிச்சுப் போற அளவுக்கு மெதுவா" என்பார். ஓய்வும் வந்தது. கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் வண்டி ஒன்றைச் சொல்லிவைத்தார்கள். ஜன்னல் துணிக்கு ஒதெத் நிறம் சொன்னார். வண்டி வந்து சேர்வதற்கு முன், நவம்பரில் ஒரு நண்பகல், ரெஜீஸ் பின்கட்டுக் கொட்டகையில் மின்ரம்பத்தில் விறகு அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பத்தை நிறுத்தியபோது, "ரெஜீஸ்!" என்று ஒதெத் கூப்பிட்டது கேட்டது. ஊர் வழக்கப்படி அவர் இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. விறகை அடுக்கினார், இரண்டாவது மணி அடித்தது, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ஒதெத் அடுப்புக்குப் பக்கத்தில், கரண்டியைப் பிடித்தபடியே தரையில் கிடந்தார். உடனே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர் என்பதால் அதை இரண்டு தடவை சொன்னார். ரெஜீஸின் மனதில் இரண்டு தடவையும் ஏறவில்லை. எதற்குக் கூப்பிட்டாள் என்ற ஒரே கேள்விதான் அவருக்குள் இருந்தது. வலியில் கூப்பிட்டாளா? கூப்பிட்டவள் தரையில் கிடந்து தன் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாளா?

ஆகவே, ஒதெத் கிளம்புவோமா என்று கேட்ட மறுநாளே அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒதெத் நண்பகல் மணிக்கு மட்டும்தான் வருவார், அதுவும் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையில்தான் இருப்பார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. வண்டிக்குள் மட்டும்தான் வருவார். இந்த வண்டியில் உட்கார வேண்டும் என்ற ஆசையோடு போனவர், வீட்டுக்கு எதற்கு வரப்போகிறார்? மோன்வேரில் அந்த இடைவெளி இரண்டு நிமிடம். ஊர் மாறினால் இடைவெளியும் மாறும் என்பது ரெஜீஸுக்குத் தெரிந்த விஷயம்தான். அகலச் சாலைகளில் மணி கேட்காது என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. ஆற்றோரத்துச் சின்னச் சாலைகளில், டிராக்டர்களுக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்து, பதினொன்றரைக்குள் எந்த ஊர் வருகிறதோ அந்த ஊர் தேவாலயத்தின் நிழலில் நிறுத்துவார். என்ஜினை அணைத்துவிட்டுத் தலைமுடியைச் சீவிக்கொள்வார்.

பேராக் ஊரில் இடைவெளி ஒரு நிமிடம்கூட இல்லை. "இதென்ன ஊர், அந்தப் பாலம்..." என்பதற்குள் ஒதெத் போய்விட்டார். எதையும் அளந்து கொடுக்கிற அந்த ஊரிலிருந்து வேறு என்ன எதிர்பார்க்க முடியும். அதற்கடுத்த ஊரில் மணி விரிசல் விட்டு, கோபுரத்தில் ஒலிபெருக்கி கட்டிப் பதிவுசெய்த மணியை அடிக்க வைத்திருந்தார்கள். அங்கே ஒதெத்தின் குரல் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. பெல்ட்டும் கத்தவில்லை. ரெஜீஸ் வெற்று இருக்கையிடம் ஜன்னல் துணியை மாற்றிவிட்டதைச் சொன்னார். "எனக்கென்ன தெரியும், இருட்டா இருக்கு" என்றது குரல். அன்று சாயங்காலமே அந்த ஊரை விட்டுக் கிளம்பினார். சேன்-மர்சாலில் கடிகாரத்தின் எடைக்கட்டை இறங்குகிற வழியில் எங்கோ சிக்கிக்கொள்ளும் என்பதால் இடைவெளி ஐந்து நிமிடம் வரும். அங்கே அவர் இரண்டு வாரம் தங்கினார். பிளாஸ்கில் காப்பி போட்டுத் தயாராக வைத்திருப்பார். ஒதெத் அரைக் கோப்பை குடிப்பார், ஆற்றைப் பார்ப்பார், துணி துவைக்கும் கல்லைப் பார்ப்பார், எதிர்வீட்டுப் பால்கனியில் யார் எதைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். ரெஜீஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னிக்கு எதுக்குக் கூப்பிட்ட?" என்று ஆரம்பிப்பார். "கேள்வியெல்லாம் அப்புறம் கேளு. அந்த வாத்தப் பாரு, உங்கண்ணன் நடக்கற மாதிரியே நடக்குது" என்பார் ஒதெத். இருவரும் சிரிப்பார்கள். மணி அடிக்கும்.

இப்படி ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இரண்டு பேராக இருப்பவன் மிச்ச நேரம் முழுவதும் தனியாள். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. வீட்டுவண்டிகள் நிற்கும் மைதானங்களில் சாயங்காலமானால் பெல்ஜியத்து ஜோடிகளும் டச்சு ஜோடிகளும் மடக்கு நாற்காலிகளை விரித்து உட்கார்ந்து, ஆலிவ் காய்களைக் கொறித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். ரெஜீஸையும் கூப்பிட்டார்கள். அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள், இவர் இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்துவிட்டுத் தன் வண்டிக்கே திரும்பிவிட்டார். திமிர் பிடித்த கிழவன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ரெஜீஸும் தினமும் இரண்டு நாற்காலிகளை விரித்து ஒன்றில் உட்காருவார். மற்றதில் யாராவது உட்கார வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துவைத்திருந்தார். யாரும் வரவில்லை.

சேன்-மர்சால் மதுக்கடைக்காரர்தான் ஒரு நாள் வாயைக் கிளறினார். "என்னங்க, தினமும் மத்தியானமானா வண்டிக்குள்ள பூந்து கதவச் சாத்திக்கிறீங்க, உள்ள சாராயமா காய்ச்சுறீங்க?"

"என் பொண்டாட்டி வருவா" என்றார் ரெஜீஸ்.

"நாங்க பார்த்ததே இல்லையே."

"செத்துட்டா. ரெண்டு மணிக்கும் நடுவுல வருவா. உங்க ஊர்ல அஞ்சு நிமிஷம்."

மதுக்கடைக்காரர் கிளாஸைத் துடைத்தபடி அதை யோசித்தார். "அஞ்சு நிமிஷம் குடுக்கறோமா? பரவாயில்ல, நல்ல பேருதான். பேராக்ல எவ்வளவு?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

"அவனுங்க போடற காப்பிலயே தெரியுமே." பிறகு குரலைத் தாழ்த்தி, "நிறைய நேரம் வேணும்னா லவெர்னுக்குப் போங்க. அங்க ரெண்டாவது மணி அடிச்சுப் பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. அந்த ஊர்க்காரங்க கையக் கழுவிட்டு இன்னும் சூப்புக்குக் காத்துட்டு இருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

லவெர்ன் எங்கள் ஊர். சேன்-மர்சால்காரர்கள் எங்களைப் பற்றிச் சொல்வதில் பாதி பொய், ஆனால் இது உண்மை. பாரிஸிலிருந்து ஒரு தம்பதி பழைய பாதிரியார் வீட்டை வாங்கினார்கள். கிராமத்து அமைதிக்காக வந்தோம், மணி ஒரு தடவை அடித்தால் போதாதா, சொன்னதையே ஏன் திரும்பச் சொல்கிறது என்று புகார்மேல் புகார் எழுதினார்கள். மேயர் ஃபெர்னான் தெல்மாஸ் மாடு வளர்ப்பவர், காகிதம் என்றால் ஓடி ஒளிகிறவர். ஆள் அனுப்பி இரண்டாவது மணியின் மின்பெட்டியைக் கழற்றிவிட்டார். பாரிஸ் தம்பதி அதற்குப் பிறகு இரண்டு கோடை வந்தார்கள், அப்புறம் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இல்லாத ஆட்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று எங்கள் மணி ஒரு தடவையே அடித்துக்கொண்டிருந்தது. நண்பகல் தொடங்கும், முடியாது. மளிகைக்கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு என்று பூட்டியவர் திறக்கவே இல்லை. தபால்காரர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். முதல் தடவை கூப்பிட்டால் யாரும் எழ மாட்டோம், இரண்டாம் தடவை கூப்பிடும் பழக்கமும் மணியோடு போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், ரொட்டியை அறுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊராட்சி அலுவலகத்தை வாரத்தில் இரண்டு நாள் காலையில் திறந்துவைப்பது என் வேலை. எத்தனையோ நாள் அங்கே என் குரலையே நான் கேட்டதில்லை. எங்கள் செத்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. கூப்பிட்டால் ஏனென்று கேட்காத ஊருக்கு அவர்கள்தான் எதற்கு வருவார்கள்.

ரெஜீஸின் வண்டி ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. போர் நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் செஸ்ட்நட் மரத்தடியில் நின்றது. நண்பகல் அடித்தது, பெல்ட் கத்தும் சத்தம் சதுக்கம் முழுக்கக் கேட்டது. ஒதெத் வந்தார். இரண்டு நிமிடம் போயிற்று, ஐந்து போயிற்று, ஒரு மணியும் அடித்தது. ஒதெத் அங்கேயே இருந்தார். சாயங்காலம் ரொட்டி வண்டிக்காரி நதேஜ் வந்தபோது இறங்கிப் போய் வணக்கம் சொல்லி, நன்றாக வெந்ததாகப் பார்த்து ஒரு ரொட்டி வாங்கினார். "புதுசா வந்திருக்கற அம்மா ரொட்டியத் தட்டிப் பார்த்து வாங்கறாங்க, ஊர்ல ஒருத்தருக்காவது அது தெரியுதே" என்றாள் நதேஜ். எங்கள் சதுக்கத்தில் வீட்டுவண்டிகள் இரண்டு நாளுக்குமேல் நிற்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. மூன்றாம் நாள் அதைச் சொல்ல நான் போனேன். ரெஜீஸ் எழுந்து நின்று, "நாங்க ரெண்டு பேருங்க. இவ போன நவம்பர்ல செத்துட்டா" என்றார். ஒதெத் அடுப்புப் பக்கத்திலிருந்து தலையை நீட்டி எனக்கு வணக்கம் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு வந்த அன்றைய மதியமே இன்னும் முடியவில்லை, இரண்டு நாள் ஆகிவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்வது? நல்லபடியாகத் தங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் சில வாரம் ரெஜீஸ் நடந்த நடையே வேறு. யார் பார்த்தாலும் தொப்பியைத் தூக்கினார். சாயங்காலம் இரண்டு நாற்காலியை விரித்தார். ஆனால் ஒதெத் உட்காரவில்லை. ஏப்ரனைக் கழற்றாமல், கரண்டியைக் கீழே வைக்காமல், அடுப்பில் லீக்ஸ் என்னும் வெங்காயத்தண்டும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்த சட்டிக்கு முன்னால் நின்றார். அந்த சூப் கோடை முழுவதும் கொதித்தது, வற்றவும் இல்லை, சிலிண்டரும் தீரவில்லை. "ஊத்தேன், சாப்பிடுவோம்" என்பார் ரெஜீஸ். "ரெண்டாவது மணி அடிச்சாச்சா?" என்பார் ஒதெத். "இன்னும் இல்ல." "அப்புறம் எப்படி ஊத்தறது? என்ன பழக்கம் இது?" ரெஜீஸ் ரொட்டியும் காய்ந்த சாசேஜும் தின்றார். ஒதெத் தூங்கவும் இல்லை. பகலில் பேசிக்கொண்டே இருப்பார், பாதிப் பேச்சில் தலையைக் கோபுரத்தின் பக்கம் சாய்த்து நிறுத்திவிடுவார். ஜூலையில் அவர் கால் வீங்கியது. ஆகஸ்டில் மடக்கு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஆளோடு குடும்பம் நடத்துவது போல இருந்தது ரெஜீஸுக்கு. பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் அவளுக்கு நிம்மதியில்லை. அது தன்னால்தான் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார்.

கேள்வியையும் அவர் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கேட்கத் துடித்தவருக்கு, நேரம் கொட்டிக் கிடந்தபோது பயம் வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில், செஸ்ட்நட் காய்கள் வண்டியின் கூரையில் டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்த ஒரு மழை நாளில், எப்படியோ கேட்டுவிட்டார்.

"ஒதெத், அன்னிக்கு ஏன் என்னை ஒரே தடவ கூப்பிட்ட?"

"ஒரே தடவயா? யார் சொன்னா?" ஒதெத் சட்டியைக் கிளறியபடியே சொன்னார். "ரெண்டு தடவ கூப்பிட்டேன். மொத தடவ நீ ரம்பத்த ஓட்டிக்கிட்டு இருந்த, காதுல விழுந்திருக்காது."

"அப்ப நான் கேட்டது..."

"ரெண்டாவது."

ரெஜீஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வலிச்சுதா? அதுக்குத்தான் கூப்பிட்டியா?"

"வலியா? வலி அதுக்கப்புறம் வந்துச்சு. அது வர்றதும் தெரியல, போறதும் தெரியல. சூப்பு ஆயிடுச்சுன்னு கூப்பிட்டேன்டா. வேற எதுக்குக் கூப்பிடுவாங்க மத்தியானத்துல?"

"நான் உடனே வந்திருந்தா?"

"வந்திருந்தா சூடா சாப்பிட்டிருப்ப" என்றார் ஒதெத்.

ரெஜீஸ் அழுதார். மரத்தடியைத் தாண்டிப் போன மேயருக்கு அது கேட்டது. சொந்தக்காரர் வீட்டுச் சாவில்கூட இப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார். ஒதெத் ஒரு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார், மற்றக் கையால் கரண்டியை விடவில்லை. காலை மாற்றி ஊன்றிக்கொண்டு, தலையைக் கோபுரத்தின் பக்கம் சாய்த்து, "இன்னும் அடிக்கலையா?" என்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஊராட்சிக் கூட்டம். இரண்டாவது மணி விஷயம் எங்கள் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் வரும். மேயர், சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்பார். ஒரு தடவைதான் சொல்வார். உறுப்பினர்கள் இரண்டாம் தடவைக்காகக் காத்திருப்பார்கள், மேயர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். இந்த ஆண்டும் மேயர் கேட்டார். சொல்லி வாய் மூடுவதற்குள் பார்வையாளர் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது.

"மிஸ்யூ ஷாஸ்தான், உங்களுக்கு இங்க ஓட்டு இல்லையே" என்றார் மேயர்.

"தெரியுங்க. ஆனா நீங்க கேட்டீங்கல்ல" என்றார் ரெஜீஸ். கையை இறக்கவில்லை.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் தடவையிலேயே பதில் சொல்வதை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை, அதில் ஏதோ வெட்கம்கெட்டதனமும் இருந்தது, ஏக்கம் வருகிற மாதிரி ஒன்றும் இருந்தது. ஒரு கை எழுந்தது, அப்புறம் எல்லாக் கைகளும் எழுந்தன. எனக்கும் ஓட்டு கிடையாது, நானும் தூக்கினேன். மின்பெட்டி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. சுத்தியலின் பழைய நெம்புகோல் கோபுரத்தில் இன்னும் இருந்தது, வேண்டுமானால் அவரே கையால் அடித்துக்கொள்ளட்டும் என்று சாவியை அவரிடம் கொடுத்தோம். கூட்டம் முடிந்து போகும்போது நான், "அடிச்சா அவங்க போயிடுவாங்களே" என்றேன். "ஆமா. அவ கால் வலிக்குதுங்க" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒதெத்திடம் இன்று அடிக்கும் என்று சொன்னார். "அப்பாடா" என்றார் ஒதெத். மேசையில் துணி விரித்து, ஆழமான தட்டு இரண்டு வைத்தார். முதல் மணி அடித்ததும் ரொட்டியை அறுத்தார். ரெஜீஸ் சதுக்கத்தைக் கடந்து கோபுரத்தில் ஏறினார். எங்கள் கோபுரம் உயரமில்லை, ஆனால் படிகள் குறுகல். நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். இத்தனை வருடம் கழித்து இரண்டாவது மணி எங்கள் கூரைகள்மேல் கேட்டபோது, வீட்டுக்கு வீடு நாங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எண்ணினோம். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது வரவில்லை. அவர் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கோபுரத்துச் சாளரம் வழியாக வண்டியின் ஜன்னலிலிருந்து ஆவி வருவது தெரிந்திருக்கிறது, கை இழுக்க மறுத்துவிட்டது. நெம்புகோலை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

ஒதெத் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "பதினொண்ணுதான் எண்ணினேன்."

"இன்னொண்ணு பாக்கி. சாப்பிட்டுட்டுப் போய் அடிக்கறேன்."

ஒதெத் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சு, இல்லையா? ஆரம்பிச்சா ஊத்தலாம்" என்று தனக்குத்தானே சட்டம் பேசிக்கொண்டு, இரண்டு தட்டிலும் சூப் ஊற்றினார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உட்கார்ந்தார். அந்த வண்டி வாங்கியதிலிருந்து அதன் மேசைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது அப்போதுதான். கடைசிக் கரண்டி சூப் மிச்சமிருக்கும்போது எங்கள் பக்கத்து வழக்கப்படி தட்டில் ஒரு மடக்குச் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டையே இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார்கள். "சூடா இருந்துதா?" என்று ஒதெத் கேட்டார். இருந்தது என்றார் ரெஜீஸ். மீசையில் ஒயின் ஒட்டியிருந்ததை ஒதெத் துடைத்துவிட்டார். பிறகு ஜன்னல் துணியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி, "ரெஜீஸ்" என்று கூப்பிட்டார். ஒரு தடவைதான். "இதோ" என்று ரெஜீஸ் எழுந்துவிட்டார்.

அன்று அவருக்கு, மறுபடி வருவாளா என்று தெரியாது. எங்களுக்கும் தெரியாது. லவெர்னில் ஒரு நண்பகல் முழுசாக முடிந்து பல வருடமாகியிருந்தது. அவர் கோபுரத்தில் ஏறுவதை ஜன்னல்களிலிருந்து எல்லோரும் பார்த்தோம். ஏறி நின்றவர் உடனே அடிக்கவில்லை. பிறகு அடித்தார். அந்த ஒற்றை அடி எங்கள் பள்ளத்தாக்கில் தேய்ந்து அடங்கும்வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ரெஜீஸ் திரும்பி வந்து இரண்டு தட்டையும் கழுவித் துடைத்து அடுக்கினார். ஏப்ரன் ஆணியில் இருந்தது. சாயங்காலம் அவர் ஒரு நாற்காலிதான் விரித்தார். நான் வீட்டிலிருந்து என் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். மறுநாள் முதல் மணி அடித்து ஓய்ந்ததும் சதுக்கமே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. கீச்கீச்சென்று பெல்ட் கத்தியது.

இப்போது அந்த வண்டியின் டயர்கள் மண்ணில் பதிந்துவிட்டன, பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அடியில் குருவி கூடு கட்டியிருக்கிறது. பின்பக்கக் கதவின் இடுக்குகளை ரெஜீஸ் தேன்மெழுகு வைத்து அடைத்திருக்கிறார், காற்று புகுகிறதாம். வெளியூர்க்காரர்கள் எங்கள் மணியைக் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பதினொன்றுக்குத் திருப்பிவைத்துக்கொண்டு போவதுண்டு, நாங்கள் திருத்துவதில்லை. எங்கள் ஊரில் இரண்டாவது மணி பதினோரு அடி. பன்னிரண்டாவது, சூப் முடிந்த பிறகு. வெயில் நாளில் சீக்கிரம் வந்துவிடும், பனி கொட்டும் ஜனவரியில் பீன்ஸும் பன்றிக்கறியும் போட்ட சூப் என்றால் மூன்று மணிகூட ஆகும். மளிகைக்கடைக்காரரும் அதற்குப் பிறகுதான் கடையைத் திறக்கிறார். அதுவரை வீடுகளில் நாங்களும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்போம். கூப்பிட்டால் இப்போது யாராவது ஒருவர் உடனே ஏனென்று கேட்கிறார்கள். ரெஜீஸுக்கு மிச்ச நேரமெல்லாம் தனிமைதான், கோபுரத்தில் ஏறி அந்த ஓர் அடியை அடிக்க வேண்டிய ஆளும் அவரேதான். ஒருநாள் அடிக்காமல் விட்டால் என்ன என்று மேயர் ஒரு தடவை கேட்டார். நின்றுகொண்டே இருப்பாள் என்றார் ரெஜீஸ். ஒதெத் ஜன்னல் துணியைச் சரிசெய்துவிட்டு ஒரு தடவை கூப்பிடுவார். சதுக்கத்துக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்கே அது கேட்கும். உடனே வண்டிக் கதவு திறக்கும். பன்னிரண்டாவது அடி விழுந்ததும் நாங்கள் தட்டுகளை எடுத்துக் கழுவப் போடுவோம்.